காலும் அரைக்காலும்

இத்திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று இராணிப்பேட்டை மாவட்டத்து நெமிலிப் பக்கத்திலிருந்து வந்தது. கோயில் பாடகர் குழுவில் பாடும் பள்ளி மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள். மடல் நான்கே வரி. “பாட்டுத் தாளின் தொடக்கத்தில் மூன்றும் அதன் கீழே நான்கும் போட்டிருக்கிறது. கணக்குப் பாடத்தில் அது முக்கால். அப்படியானால் மீதிக் கால் எங்கே போயிற்று? பாடல் குறையாகத் தோன்றவில்லையே!” என்பது அவள் வினா. மிக நல்ல வினா. கால் என்னும் அளவைப் பற்றி வீட்டிலும் கோயிலிலும் ஆலையிலும் நாம் பேசுவதை எல்லாம் சற்றே விரித்துப் பார்க்க இஃது ஒரு வாய்ப்பாயிற்று.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழில் கால் என்பது உடலைத் தாங்கும் உறுப்பு; நான்கில் ஒரு பங்கும் அதுவே. ஆவுக்குக் கால் நான்கு, கட்டிலுக்கும் நான்கு. வடமொழியில் பாதம் என்னும் சொல்லுக்கும் இவ்விரு பொருளும் உண்டு. தெலுங்கர் பாவு என்பர். உருது பேசுவோர் பாவ் என்பர். ஆம்பூர், வாணியம்பாடிக் கடைத்தெருக்களில் இம்மூன்று மொழியும் ஒரே தராசைச் சுற்றிக் கேட்கும்.

நம் முன்னோர் சிறுவர்க்கு எண்சுவடி கற்பித்த காலத்தில் ஒன்றைக் கூறுபோடும் வழி இன்றைய வழியன்று. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. காணி 80-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி. அது 16-இல் ஒன்று, அதற்கு வீசம் என்றும் பெயர். நான்கு மாகாணி ஒரு கால். ஐந்து மாவும் ஒரு கால். பாதிக் காலுக்கு அரைக்கால் என்றே பெயர். படியில் கால் அளப்பதற்கு உழக்கு இருந்தது. அணாவில் கால் பங்குக்குக் காலணா இருந்தது. 1957-இல் புதுக் காசு வந்த பிறகும் இருபத்தைந்து காசை ‘நாலணா’ என்றே அழைத்துக்கொண்டிருந்தோம். 2011-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாளோடு அந்த நாணயமும் செல்லாததாயிற்று. இன்றைய பிள்ளைகளுக்குக் கால் என்பது கடிகாரத்திலும் பாட்டுத் தாளிலும் மட்டுமே எஞ்சியிருக்கிறது எனலாம்.

இனி மாணவியின் வினாவுக்கு வருவோம். மேலைநாட்டு இசைக் குறிமானத்தில் நான்கு எண்ணிக்கை நீளும் சுரத்தை முழுச் சுரமாகக் கொண்டு, அதில் பாதி, கால், அரைக்கால் என்று பகுக்கிறார்கள். அமெரிக்கர் இவற்றை முழுச் சுரம், அரைச் சுரம், கால் சுரம் என்னும் பொருள்படவே வழங்குவர். ஆங்கிலேயர் வழியில் கற்ற நம் ஊர் ஆர்மோனிய ஆசிரியர்கள் செமிபிரீவ், மினிம், கிராட்செட், குவேவர் என்பர். செமிபிரீவ் என்றால் அரைக் குறில் என்று பொருள். ஒரு காலத்தில் பிரீவ் என்னும் குறுஞ்சுரமே இருந்தது. அதில் பாதியாகப் பிறந்ததே இன்று முழுச் சுரமாகக் கொலுவிருக்கிறது!

கால் சுரம் என்றதும் கால் நொடி நேரம் ஒலிப்பது என்று கருதுவாரும் உளர். அது பொருந்தாது. நிமிடத்துக்கு அறுபது கால் சுரம் என்று நடையை வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு நொடி. நூற்றிருபது என்று வைத்தால் அரை நொடி. கால் என்பது இங்கே உறவுப் பெயர். அண்ணன் என்று சொன்னால் யாருக்கு அண்ணன் என்று கேட்கவேண்டியிருப்பதுபோல, எதில் கால் என்று கேட்டே பொருள் கொள்ளவேண்டும்.

பாட்டுத் தாளில் மேலும் கீழுமாக நிற்கும் அவ்விரண்டு எண்களும் பின்னம் அல்ல. கீழ் எண் எவ்வகைச் சுரத்தை அலகாகக் கொள்ளவேண்டும் என்று சொல்கிறது. மேல் எண் அவ்வலகு எத்தனை என்று சொல்கிறது. ‘மூன்று கால்கள்’ என்று வாசித்தால் சரியாக இருக்கும். நம் வீட்டு முக்காலியைப் பார்த்து நான்காம் கால் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. அது மூன்று காலில் நிற்கவே செய்யப்பட்டது. நாற்காலி ஆடும் மேட்டுப்பள்ளத்திலும் முக்காலி ஆடாமல் நிற்கும். மூன்று கால் தாளமும் அத்தகையதே. அதில் எந்தக் காலும் தொலையவில்லை.

உண்மையைச் சொன்னால், நம் திருச்சபையின் இசை வரலாற்றில் குறையுடையதாகக் கருதப்பட்டது மூன்று அன்று. கொலோன் நகரத்துப் பிராங்கோ என்னும் 13-ஆம் நூற்றாண்டு இசைநூலார், மூன்றாகப் பகுபடுவதே நிறைவான அளவு என்றும், அந்நிறைவு மூவொரு இறைவனின் பெயரிலிருந்து வருவது என்றும் எழுதிவைத்தார். அவருக்குப் பின் வந்தோர் நிறைவான காலத்துக்கு முழு வட்டத்தையும், இரண்டாகப் பகுபடும் காலத்துக்கு உடைந்த வட்டத்தையும் குறியாக வைத்தனர். இன்று நான்கு கால் தாளத்துக்கு இடப்படும் ‘சி’ போன்ற குறி ஆங்கில எழுத்தே அன்று. அந்த உடைந்த வட்டம்தான். நாற்காலியே முழுமை, முக்காலி குறை என்று நினைக்கும் நமக்கு, அக்காலத் துறவியர் நேர்மாறாக நினைத்தார்கள் என்பது வேடிக்கையாக இருக்கிறது.

இன்னும் ஒன்று. ஆறின் கீழ் எட்டு என்று ஒரு தாளம் உண்டு. கணக்கு ஆசிரியர் அதைச் சுருக்கி முக்கால் என்று எழுதச் சொல்வார். ஆறு அரைக்கால் சேர்ந்தால் முக்கால்தான், ஐயமில்லை. ஆயினும் பாடகர் குழுத் தலைவர் சுருக்க விடமாட்டார். மூன்று கால் என்பது இரண்டிரண்டாக மூன்று அடி. ஆறு அரைக்கால் என்பது மும்மூன்றாக இரண்டு அடி. கூட்டுத்தொகை ஒன்று, நடை வேறு. 1818-ஆம் ஆண்டு ஆஸ்திரியா நாட்டு ஓபெர்ன்டோர்ஃப் சிற்றாலயத்தில் கிதாரின் துணையோடு முதன்முதல் பாடப்பெற்று, இன்று உலகெங்கும் கிறிஸ்து பிறப்பு இரவில் ஒலிக்கும் அந்த அமைதித் தாலாட்டுக்கு கிரூபர் அமைத்தது ஆறு அரைக்கால் நடையே. அதனால்தான் அது தொட்டிலின் இரண்டு வீச்சைப்போல இருபுறமும் சாய்கிறது. நம் குழுக்கள் சில அதை மூன்று கால் நடையில் தட்டிப் பாடுவதைக் கேட்கிறோம். தொட்டில் போய் நடனம் வந்துவிடுகிறது.

நம் நாட்டுத் தாள முறை வேறு வாயிலாக இதே காலை அடைகிறது. கருநாடக இசையில் கையின் வீச்சு மாறாது. ஒரு வீச்சுக்குள் எத்தனை சுரம் நிறைகிறது என்பதே மாறும். முதற் காலத்தில் ஒன்று, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. மூன்றாம் காலத்துச் சுரம் ஓர் எண்ணிக்கையில் கால். பழைய தாள அங்கங்களில் அநுதிருதம் ஓர் அட்சரம். சதுசிர லகு நான்கு. ஆகவே அநுதிருதம் அந்த லகுவில் கால். பதினாறு அட்சர அங்கத்துக்குக் காகபாதம் என்று பெயர், காக்கையின் காலடி! பாடல் எடுப்பு எப்போதும் தாளத்தின் முதலில் நிகழ்வதில்லை. அரை இடம் தள்ளி எடுப்பதும், முக்கால் இடம் தள்ளி எடுப்பதும் உண்டு. முக்கால் இடத்தில் எடுக்கும் பாடகர் மூன்று கால் அளவும் வாய் திறவாமல் காத்திருந்து, எஞ்சிய ஒற்றைக் காலில் நுழைகிறார். அந்த மௌனமும் தாளக் கணக்கில் சேர்ந்ததே. 1963-இல் வத்திக்கான் சங்கம் அந்தந்த நாட்டு இசை மரபை மதித்து வழிபாட்டில் இடம் தருமாறு சொன்ன பிறகு, இம்முறையிலும் பாடல்கள் நமக்கு வந்துள்ளன. அவற்றைப் பாடும்போது அவசரப்படும் குழுக்கள் மௌனக் காலை விழுங்கிவிடுகின்றன. பின்பு மிருதங்கக்காரர் தலையில் அடித்துக்கொள்கிறார்.

தமிழ் இலக்கணமோ காலைச் செவிக்கு எட்டாத எல்லை வரை கொண்டுபோயிற்று. கண்ணிமைப்பும் கைந்நொடிப்புமே மாத்திரையின் அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. சில இடங்களில் அந்த அரையும் குறுகிக் கால் ஆகும். வகரத்துக்கு முன் நிற்கும் மகரம் அப்படிப்பட்டது. ‘பேசும் வார்த்தை’ என்று சொல்லிப் பாருங்கள். இடையில் நிற்கும் ‘ம்’ உதடு முழுதும் மூடுமுன்னரே வகரத்தில் கரைகிறது. அது மகரக் குறுக்கம், அளவு கால் மாத்திரை. ‘கஃறீது’ என்பதில் வரும் ஆய்தமும் கால் மாத்திரையே. வாசகம் வாசிக்கும் இளைஞர் சிலர் ஒலிபெருக்கியின் முன் நின்று ஒவ்வொரு ‘ம்’மையும் அழுத்தி உதடு கொட்டுவது நம் காதைக் குடைவதற்குக் காரணம் இக்கால் மாத்திரையை அவர்கள் அரையாக்குவதே.

நொடியைக்கூட நான்காகப் பகுத்தவர்கள் நம் உரையாசிரியர்கள். விரலை நொடிக்க எண்ணும்போது கால் மாத்திரை கழிகிறது, இருவிரலைச் சேர்த்து ஊன்றும்போது அரை, முறுக்கும்போது முக்கால், விடும்போதுதான் ஒன்று. எண்ணமே முதற் கால் என்று கணக்கு வைத்தார்கள். ஓசை எழுமுன் முக்கால் பங்கு முடிந்துவிட்டது!

இசைக் காலும் கடிகாரக் காலும் கைகோத்து நிற்கும் இடம் சென்னையில் இருக்கிறது. மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக் கோபுரத்தில் 1913-இல் நிறுவப்பெற்ற கடிகாரம் கால் மணிதோறும் இசைக்கும் வகையைச் சேர்ந்தது. அதற்கு நான்கு மணிகள், அதே ஆண்டு வார்க்கப்பட்டவை. அவ்வகைக் கடிகாரங்களுக்குரிய மெட்டு 1793-இல் கேம்பிரிட்ஜ் நகரத்துப் புனித மரியா ஆலயத்துக்காக அமைக்கப்பட்டு, 1859-இல் இலண்டன் பாராளுமன்றக் கோபுரத்துக்குச் சென்று புகழ் பெற்றது. காலுக்கு நான்கு சுரம் கொண்ட ஓர் அடி, அரைக்கு இரண்டடி, முக்காலுக்கு மூன்றடி, மணி நிறைந்ததும் நான்கடி இசைத்து, பின்னரே மணியை அடிக்கும்.

இங்கே ஒரு நயம் காணலாம். ஆங்கிலேயர் வாயால் சொல்லும்போது ஒன்பதே முக்காலைப் ‘பத்துக்குக் கால் குறைவு’ என்பர். அவர்கள் செய்த கடிகாரமோ கழிந்த முக்காலை மூன்றடியாகப் பாடுகிறது. தமிழன் மணி சொல்லும் முறையும் அதுவே. ஒன்பது நிறைந்தது, அதன் மேல் முக்காலும் நிறைந்தது என்று கையிலுள்ளதை எண்ணுகிறான். ஆம்பூரில் உருது பேசும் அண்டை வீட்டார் ‘பௌனே தஸ்’ என்பர். கால் குறைந்த பத்து. தெலுங்கில் ‘பாவு தக்குவ பதி’ என்றாலும் அதே பொருள். செருமனியின் தென்பகுதியிலும் கிழக்கிலும் ‘முக்கால் பத்து’ என்பார்கள். பத்தாம் மணியில் முக்கால் பங்கு நிரம்பியது என்று கருத்து. அந்த வழக்கில் ‘கால் பத்து’ என்றால் ஒன்பதேகால்! ஒரே நேரத்தை ஒருவர் வந்ததாகவும், ஒருவர் வரவேண்டியதாகவும், ஒருவர் நிரம்பிக்கொண்டிருப்பதாகவும் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகள் இப்போது ‘பத்துக்குக் கால்’ என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். பிழை என்று தடியெடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்பதே முக்கால் என்றால் விழிக்கும் நிலை வரவிடலாகாது.

கால் மணி என்பது நமக்குக் கடிகாரத்தோடு வந்த அளவு. நாழிகைக் கணக்கில் நாள் ஒன்றுக்கு 60 நாழிகை; மணிக்கு இரண்டரை நாழிகை; கால் மணிக்கு முப்பத்தேழரை விநாழிகை என்று கோணலாக வரும். ஆனால் ஏழரை நாழிகையாகிய சாமம் இரவில் சரியாகக் கால். உரோமரும் இரவை நான்கு காவலாகவே பகுத்தனர். மாற்கு நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் வீட்டுத் தலைவர் வரக்கூடிய வேளைகளாக ஆண்டவர் மாலை, நள்ளிரவு, சேவல் கூவும் வேளை, காலை என்று நான்கையும் வரிசையாகச் சொல்கிறார். கடல்மீது நடந்து சீடரிடம் அவர் வந்தது நான்காம் காவலில். நம் கணக்கில் கடைச்சாமம்.

மற்றொரு கால் மணி நம் நிலப்பகுதியிலேயே ஒளிந்துகிடக்கிறது. 1906-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஏற்பட்ட இந்திய நேரம் கிழக்கு எண்பத்திரண்டரைப் பாகைக்கு உரியது. பாகைக்கு நான்கு நிமிடமாக மேற்கே செல்லச் செல்ல உச்சிப்பொழுது பிந்தும். நெமிலிக்கு அது சராசரியாகப் பதினொரு நிமிடம். ஆம்பூருக்கு ஏறத்தாழக் கால் மணி. நண்பகல் மூவேளைச் செப மணி பன்னிரண்டுக்கு ஒலிக்கும்போது ஆம்பூரில் கதிரவனுக்கு இன்னும் கால் மணி வழி இருக்கிறது. எல்லா நாளும் அப்படியன்று. கதிரவன் ஆண்டுக்குள் முந்தியும் பிந்தியும் நடப்பதால், லூர்து அன்னை திருநாளாகிய பிப்ரவரி 11-இல் அரை மணி அளவு பிந்துகிறது. இறந்த விசுவாசிகளை நினைவுகூரும் நவம்பர் 2-இல் மட்டும் கடிகார நண்பகலும் கதிரவன் நண்பகலும் அங்கே ஏறத்தாழ ஒன்றாகின்றன. அன்று கல்லறைத் தோட்டத்துக்குச் செல்வோர் பன்னிரண்டு மணிக்குத் தம் நிழலைப் பார்த்தால், அது நேர் வடக்கே விழக் காணலாம்.

கதிரவன் கால் மணி பிந்தினால் கேட்பாரில்லை. நெமிலி, பனப்பாக்கம் பக்கத்திலிருந்து விடியலில் பேருந்து பிடித்துத் தோல் பதனிடும் இடங்களுக்கும் காலணி ஆலைகளுக்கும் செல்லும் நம் பெண்கள் பிந்தினால் நிலைமை வேறு. கால் மணி தாமதத்துக்குக் கால் நாள் கூலி, சில வேளை அரை நாள் கூலி பிடிக்கப்படுவதாக நம்மிடம் முறையிட்டோர் உளர். ஆலையின் பெயரை இங்கு எழுதப்போவதில்லை. கணக்கை மட்டும் எழுதுவோம்.

கால் மணியும் கால் நாளும் ஒரே சொல்லால் தொடங்குகின்றன. அதுவே ஏமாற்றுக்கு இடங்கொடுக்கிறது. எதில் கால் என்று கேட்கவேண்டும் என்று மேலே சொன்னது இங்கேதான் மிகவும் வேண்டுவது. எட்டு மணி நேர வேலைநாளில் கால் மணி என்பது 32-இல் ஒன்று. பழைய கணக்கில் அதற்கு அரைவீசம் என்று பெயர். கால் நாளோ இரண்டு மணி நேரம். அரைவீசம் பிந்தியவரிடம் எட்டு அரைவீசம் பிடிக்கப்படுகிறது. நாள் கூலி 480 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், கால் மணியின் மதிப்பு 15 ரூபாய். கால் நாளின் மதிப்பு 120 ரூபாய். மாதத்தில் நான்கு முறை பேருந்து தவறினால் 60 ரூபாய் போகவேண்டிய இடத்தில் 480 ரூபாய், அதாவது ஒரு முழு நாளின் உழைப்பு, போய்விடும்.

சட்டம் இதைப் பற்றி வாய்மூடி இருக்கவில்லை. 1936-ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம், வேலைக்கு வராத நேரம் எவ்வளவோ அந்த விகிதத்துக்கு மேல் கூலியைப் பிடிக்கலாகாது என்று தன் ஒன்பதாம் பிரிவில் விதித்தது. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடிப் பேசிக்கொண்டு, முன்னறிவிப்பும் தக்க காரணமும் இன்றி வராதிருந்தால் மட்டுமே எட்டு நாள் கூலி வரை பிடிக்க இடமளித்தது. 2019-ஆம் ஆண்டின் கூலித் தொகுப்புச் சட்டத்திலும் அதே விகித விதி இருபதாம் பிரிவாக இடம்பெற்றிருக்கிறது. தண்டம் என்பது தனி. அதற்கு முன்கூட்டியே அறிவித்த குற்றப் பட்டியல் வேண்டும். தொழிலாளி தம் காரணத்தைச் சொல்ல வாய்ப்பும் வேண்டும். அதற்கும் ஒரு வரம்பு உண்டு. 1936-இல் அவ்வரம்பு ரூபாய்க்கு அரையணா என்று எழுதப்பட்டிருந்தது; பின்னர் அது நூற்றுக்கு மூன்று என்று மாற்றப்பட்டது. ரூபாயில் அரையணா எவ்வளவு? 32-இல் ஒன்று. மீண்டும் அதே அரைவீசம்!

ஆகவே கூலிச் சீட்டு வாங்கும் நம் சகோதரிகள் அதில் எத்தனை நிமிடத்துக்கு எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்வது நல்லது. தனியாகக் கேட்கத் தயங்குவோர் பங்கிலுள்ள படித்த இளைஞரைக் கொண்டு கணக்கிட்டு, தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் துறை அலுவலகத்திடமோ எடுத்துச் செல்லலாம். பதினைந்து ரூபாய்க்கு இத்தனை பேச்சா என்று சிலர் கேட்கக்கூடும்.

எருசலேம் ஆலயக் காணிக்கைப் பெட்டியின் முன் அமர்ந்திருந்த ஆண்டவர் அதைவிடச் சிறிய தொகையைப் பார்த்தார். ஏழைக் கைம்பெண் போட்டவை இரண்டு செப்புக் காசுகள். மாற்கு நற்செய்தியாளர் உரோமை நாணயம் அறிந்த தம் வாசகருக்கு விளங்கவேண்டி, அவ்விரண்டும் சேர்ந்து ஒரு குவாதிரான்ஸ் என்று குறிக்கிறார். அச்சொல்லுக்குக் கால் என்றே பொருள். அஸ் என்னும் செப்பு நாணயத்தில் கால் அது. கைம்பெண்ணின் ஒவ்வொரு காசும் அரைக்கால். பதினாறு அஸ் கொண்டது ஒரு தெனாரியம். நம் ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்தது போலவே. காலணா 64 சேர்ந்து ரூபாய் ஆனதுபோலவே குவாதிரான்ஸ் 64 சேர்ந்து தெனாரியம் ஆயிற்று. திராட்சைத் தோட்ட உவமையில் ஒரு தெனாரியமே வேலையாளின் ஒரு நாள் கூலி. அந்த நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். 720 நிமிடத்தை 64-ஆல் வகுத்தால், பெட்டியில் விழுந்தது பதினொன்றேகால் நிமிடக் கூலி.